மில்வாக்கி கல்லறையில் இத்தனை ஜெர்மன், ஐரிஷ் பெயர்கள் ஏன்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மில்வாக்கிக்கு வேலை விஷயமாகப் போன நீங்கள், பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய படைவீரர் இல்லத்தையும் அதை ஒட்டிய வுட் தேசியக் கல்லறையையும் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65, வடக்கு மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் நடந்தது) சண்டை போட்டவர்கள் என்கிறார்கள், ஆனால் கல்லில் வரிசையாக ஜெர்மன் பெயரும் ஐரிஷ் பெயருமாக இருக்கிறதே, பிழைக்க வந்தவர்களைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுக் கை கால் போனதும் இல்லத்தில் தள்ளிவிட்டார்களா என்பது உங்கள் கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சேர்த்திருக்கிறீர்கள்: "இவர்களுக்கெல்லாம் பிள்ளை குட்டி இல்லையா?" என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்றதற்கெல்லாம் அதிலிருந்துதான் பதில் வருகிறது.

நான் ஆவணக் காப்பகப் படிப்பு படித்தவள். தாத்தா பாட்டன் யார், எங்கிருந்து வந்தார் என்று தேடும் அமெரிக்கக் குடும்பங்களுக்காகப் பழைய பேரேடுகளைப் படித்துச் சொல்வது இருபது வருடமாக என் தொழில். இந்த இல்லங்களின் பேரேடுகளை ஆயிரக்கணக்கான பக்கம் புரட்டியிருக்கிறேன். போர்க்கள வரலாறு என் துறை இல்லை. ஆகவே சண்டை முடிந்து, குண்டடி பட்ட மனிதன் கட்டுப்போட்ட காலோடு ரயிலில் இருந்து இறங்குகிற இடத்திலிருந்துதான் நான் உறுதியாகப் பேச முடியும்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடுகிறேன். இந்த இல்லம் வடக்குப் படை வீரர்களுக்கானது. அந்தப் படையில் இருந்த ஏறத்தாழ இருபது லட்சம் பேரில் கால்வாசி வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஜெர்மன்காரர் ஏறத்தாழ 2 லட்சம், ஐரிஷ்காரர் ஏறத்தாழ 1.5 லட்சம். கேட்டதும் "ஐயோ, குடியேறி வந்தவர்களை வைத்தே போரை நடத்திவிட்டார்களே" என்று தோன்றும். ஆனால் அன்று வடக்கு மாநிலங்களில் பட்டாளத்துக்குப் போகும் வயதில் இருந்த வெள்ளை ஆண்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஏறத்தாழ முப்பது சதவீதம். அதாவது ஊரில் இருந்த விகிதத்தைவிடப் படையில் அவர்கள் பங்கு சற்றுக் குறைவுதான். கூலிக்குச் சண்டை போட வந்தவர்கள் என்ற பேச்சு அந்தக் காலத்துத் தெற்கத்திய பத்திரிகைகளில் நிறைய வந்தது. கணக்கு அதற்கு ஒத்துப்போகவில்லை. ஏன் சேர்ந்தார்கள் என்று ஒரே காரணம் சொல்லவும் முடியாது. 1863, 1864 வாக்கில் சேர்பவருக்குக் கையில் கிடைத்த ரொக்க ஊக்கத்தொகை ஒரு கூலிக்காரரின் வருட வருமானத்தையே தாண்டியது. ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்று ஓடிவந்தவர்கள் அடிமைமுறைக்கு எதிராக நெஞ்சார நம்பிச் சேர்ந்தார்கள். 1862 ஜூலையில் வந்த சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது: படையில் சேர்ந்து நல்லபடியாக விடுவிக்கப்பட்ட, 21 வயது நிறைந்த எந்த அந்நியரும், ஒரு வருடம் இங்கே வசித்ததைக் காட்டினால் குடியுரிமை கேட்கலாம். மற்றவர்களுக்கு ஐந்து வருடம். இந்த மூன்றில் யாருக்கு எது பெரிதாகப் பட்டது என்பது அவரவர் மனசுக்குத்தான் தெரியும். பேரேடு அதைச் சொல்லாது.

கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. படையில் கால்வாசியாக இருந்தவர்கள், போர் முடிந்து இல்லம் திறந்தபோது உள்ளே அதைவிட மிகப் பெரிய பங்காக இருந்தார்கள். ஆரம்ப வருடங்களின் பக்கங்களைப் புரட்டினால் "பிறந்த இடம்" என்ற கட்டத்தில் அயர்லாந்து, ஜெர்மனி, பிரஷ்யா, பவேரியா, இங்கிலாந்து, கனடா என்றே வந்துகொண்டிருக்கும். நடுவில் ஓஹையோ, நியூயார்க். போருக்கும் இல்லத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று இவர்களைச் சலித்து இந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது.

அது என்ன என்று பார்ப்பதற்கு முன் இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம். 1865 மார்ச் 3-ஆம் தேதி, கொல்லப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு, லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் உண்டானது இது. தொடக்கத்தில் பெயர் "நேஷனல் அசைலம்". 1873-இல் அசைலம் என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஹோம்" என்று மாற்றினார்கள். நம் ஊரில் அனாதை ஆசிரமம் என்றால் காதில் எப்படி விழுமோ, அசைலம் அவர்கள் காதில் அப்படி விழுந்தது. இது தர்மச் சோறு அல்ல, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று நிர்வாகக் குழு திரும்பத் திரும்பச் சொன்னது. முதலில் பணம் வந்த வழியும் அதற்கேற்பத்தான் இருந்தது: ராணுவ நீதிமன்றங்கள் விதித்த அபராதம், சம்பளப் பிடித்தம், இறந்துபோன சிப்பாய்களுக்குச் சேரவேண்டி யாரும் கேட்டு வராமல் கிடந்த தொகை. வாரிசில்லாத சிப்பாயின் பணத்தில் இன்னொரு சிப்பாய்க்குச் சாப்பாடு. முதல் கிளை 1866-இல் மெய்ன் மாநிலத்தின் டோகஸில், முன்பு ஊற்றுநீர்க் குளியலுக்குப் பணக்காரர்கள் வந்து தங்கிய ஓட்டலில் திறந்தது. அடுத்த வருடமே ஓஹையோவின் டேட்டனும் உங்கள் மில்வாக்கியும். மில்வாக்கிப் பெண்கள் 1865 கோடையில் சந்தை நடத்தி ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டியதால்தான் அந்த ஊருக்குக் கிளை கிடைத்தது. நீங்கள் பார்த்த கோபுரம் வைத்த பெரிய கட்டடம் 1869-இல் எழுந்தது. பல வருடம் பாழடைந்து கிடந்து, 2021-இல் மறுபடி முன்னாள் வீரர்கள் குடியிருக்கும் வீடுகளாகத் திறந்திருக்கிறார்கள்.

இனி பேரேடு. ஒருவருக்கு ஒரு பக்கம். பக்கம் நான்காகப் பிரிந்திருக்கும்: ராணுவ விவரம், குடும்ப விவரம், இல்ல விவரம், பொதுக் குறிப்பு. எந்தத் தேதியில் எந்த ஊரில் சேர்ந்தார், எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு), என்ன ஊனம் என்பது முதல் பகுதி. இரண்டாவதில் பிறந்த நாடு, வயது, உயரம், நிறம், கண், தலைமுடி, எழுதப் படிக்கத் தெரியுமா, மதம், தொழில், மணமானவரா, கடைசியாக "நெருங்கிய உறவினரின் பெயரும் விலாசமும்". நான் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு பக்கம் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர் வழியில் யாராவது இருக்கலாம். அயர்லாந்தில் பிறந்தவர், நாற்பத்து நான்கு வயது, நீலக் கண், கத்தோலிக்கர், கூலித் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரியாது, மணமாகாதவர். இடது முழங்கையில் குண்டு. உறவினர் கட்டத்தில் முதலில் ஒரு தங்கையின் பெயர், பாஸ்டன் விலாசம். அதன்மேல் ஒரு கோடு. பக்கத்திலேயே வேறு மையில், வேறு கையெழுத்தில், "நண்பர்" என்று போட்டு இன்னொரு பெயர். அதுவும் அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, மூன்றாவது குமாஸ்தாவின் கையில், "யாருமில்லை". பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டம் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. கடைசிப் பகுதியில் இறந்த தேதி, கல்லறை எண், விட்டுச்சென்ற பொருள்: ஒரு பழைய கடிகாரமும் சில்லறையும்.

உங்கள் "பிள்ளை குட்டி இல்லையா" என்ற கேள்விக்கு அந்தப் பக்கம்தான் பதில். ஓஹையோவில் பிறந்து வளர்ந்தவர் ஒரு காலை இழந்து ஊர் திரும்பினால் அங்கே அப்பாவின் நிலம் இருந்தது, அண்ணன் வீட்டுத் திண்ணை இருந்தது. உடல் உழைப்பு முடியாவிட்டாலும் தபால் அலுவலகத்திலோ கடையிலோ உட்காரவைக்க ஊரில் தெரிந்தவர் இருந்தார்கள். இளவயதில் தனியாகக் கப்பலேறி வந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. கால்வாய் வெட்டு, ரயில் பாதை, கப்பல் துறை என்று உடம்பு ஒன்றையே முதலாக வைத்துப் பிழைத்தவர். அந்த உடம்பு போனதும் முதலே போய்விட்டது. முழுதாக ஊனமான சாதாரணச் சிப்பாய்க்கு 1862 சட்டப்படி பென்ஷன் மாதம் 8 டாலர். அண்ணன் வீட்டில் இருப்பவருக்கு அது கைச்செலவுக்கு ஆகும். வாடகை அறையில் தனியாக இருப்பவருக்கு எந்த மூலைக்கு?

இதோடு இல்லத்தின் விதி ஒன்றும் சேர்ந்துகொண்டது. தேசிய இல்லத்தில் ஆண்களுக்கு மட்டுமே இடம். மனைவியை அழைத்துவர முடியாது. குடும்பஸ்தர்கள் கூடுமானவரை வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். விஸ்கான்சினில் கிங் என்ற இடத்தில் 1887-இல் திறந்த மாநில இல்லம் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஏற்றது, தனித்தனிச் சிறு வீடுகளும் கட்டித் தந்தது. அப்படி ஒரு ஏற்பாட்டுக்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தேசிய இல்லத்தின் வாசல், யாருமில்லாதவனுக்கு என்றே அளவெடுத்துக் கட்டியதுபோல ஆகிவிட்டது. அந்த அளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தியவர்கள் குடியேறி வந்தவர்கள். குண்டு பட்ட நாளில் அவர்கள் தனிமை ஆரம்பிக்கவில்லை. லிவர்பூலிலோ பிரேமனிலோ கப்பலேறிய நாளிலேயே ஆரம்பித்துவிட்டது என்பது என் எண்ணம். போர் அதை வெளியே காட்டியது.

உள்ளே வாழ்க்கை எப்படி? சோறு, துணி, படுக்கை, மருத்துவம் என்ற அளவில் அன்றைய ஏழை விடுதிகளோடு ஒப்பிடவே முடியாத உயரம். டேட்டனில் நூலகம், இசைக்குழு, ஏரி, கண்ணாடித் தோட்டம் எல்லாம் இருந்தன, வேடிக்கை பார்க்க ரயிலில் கூட்டம் வரும். ஆனால் அது பட்டாளம்தான். நீலச் சீருடை, கம்பெனி கம்பெனியாக (ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகள் போல) பிரித்த படுக்கைக் கூடங்கள், காலையில் பியூகிள் ஊதல், வெளியே போக அனுமதிச் சீட்டு, குடித்துவிட்டு வந்தால் காவல் கொட்டடி. பென்ஷன் பணம்கூட இல்லப் பொருளாளர் கை வழியாகத்தான் வரும். இருபது வயதில் இரண்டு மூன்று வருடம் சிப்பாயாக இருந்தவர் அறுபது வயதிலும் சிப்பாயாகவே நடத்தப்பட்டார். இதைச் சிலர் விரும்பினார்கள், சிலர் தாங்காமல் ஓடினார்கள். இல்ல விவரப் பகுதியில் அது பளிச்சென்று தெரியும்: பனி விழத் தொடங்கும்போது சேர்க்கை, வசந்தத்தில் "சொந்த வேண்டுகோளின்படி விடுவிப்பு", மறுபடி நவம்பரில் சேர்க்கை. ஒரே மனிதர் ஆறேழு முறை. முன்பு சொன்ன ஐரிஷ்காரர் ஒன்பது முறை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். வெளியே ஒரு வாழ்க்கையைப் பிடித்துவிட முடியாதா என்று ஒன்பது முறை பார்த்தவரைச் சோம்பேறி என்று எழுதிய அக்காலப் பத்திரிகைக் குறிப்புகளைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

குடியேறிகளுக்கென்று தனிக் கூடம் இருந்ததில்லை. ஜெர்மன்காரரும் நியூயார்க்காரரும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தார்கள். கறுப்பின வீரர்களுக்கு நிலைமை வேறு. சட்டப்படி ஆரம்பம் முதலே அவர்களுக்கும் இடம் உண்டு, ஆனால் படுக்கையும் சாப்பாட்டு மேசையும் பிரிக்கப்பட்டிருந்தன. வெள்ளையர்களுக்குள் வெளிப்படையாகத் தெரிந்த பிரிவினை மதம்தான். ஐரிஷ்காரர் பெரும்பாலும் கத்தோலிக்கர், நிர்வாகம் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் 1900-இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. ஒரே கூரை, உள்ளே இரண்டு ஆலயங்கள். ஒரு பக்கம் கத்தோலிக்கர், மறு பக்கம் புராட்டஸ்டன்ட், நடுவில் ஒரு பக்கத்துச் சத்தம் மறு பக்கம் கேட்காதபடி இரட்டைச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், இல்லை. சாகிற காலத்தில் தன் முறைப்படி ஜெபம் சொல்ல ஒரு பாதிரியார் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, சுவர் எழுப்பியாவது கொடுத்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

"தள்ளிவிட்டார்களா" என்பதற்கு என் பதில் இல்லை என்பதே. 1884-இல் விதியைத் தளர்த்தினார்கள். போரில் பட்ட ஊனம்தான் என்று நிரூபிக்கத் தேவையில்லை, முதுமையாலோ நோயாலோ உழைக்க முடியாதவராக இருந்தால் போதும். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறிப் பேசி, சாட்சி சொல்லத் தோழன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாத மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் உள்நாட்டுப் போர் வீரர்களுக்கு இந்த இல்லங்கள் எப்போதாவது ஒரு முறை படுக்கை கொடுத்திருக்கின்றன. அந்நியனாகப் பிறந்தவனுக்கும் அதே கட்டில், அதே கல்.

ஆனால் படுக்கை கொடுத்த நாடு எல்லாருக்கும் பெயரைக் கொடுக்கவில்லை. அதற்கு ஒருவர் சாட்சி. எட்வர்ட் டே கோஹோட்டா. சீனாவில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது கோஹோட்டா என்ற அமெரிக்க வணிகக் கப்பலில் வந்து சேர்ந்தவர். கப்பல் தலைவரின் குடும்பம் மாசசூசெட்ஸின் குளோஸ்டரில் அவரை வளர்த்தது. கப்பலின் பெயரும் அந்தக் குடும்பப் பெயரும் சேர்ந்ததே அவர் பெயர். 1864-இல் மாசசூசெட்ஸ் 23-வது காலாட்படையில் சேர்ந்து கோல்டு ஹார்பர் சண்டையில் நின்றார். பிறகு நிரந்தரப் படையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் மேற்கே கோட்டை கோட்டையாகக் காவல் இருந்தார். நார்வேயிலிருந்து வந்த பெண்ணை மணந்து, நெப்ராஸ்காவின் வாலண்டைன் ஊரில் பிள்ளைகளோடு குடியமர்ந்தார். அரசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டபோதுதான் தான் குடிமகன் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. குடியுரிமைக்கான இரண்டு தாள்களில் முதல் கட்டத் தாளைப் போட்டிருந்தார், இரண்டாவதை வாங்கி முடிக்கவில்லை. அதற்குள் 1882-இன் சீனர் விலக்குச் சட்டம் வந்து, இனி எந்த நீதிமன்றமும் சீனருக்குக் குடியுரிமை தரக்கூடாது என்று அடைத்துவிட்டது. இறுதிக் காலத்தில் தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில், 1907-இல் திறந்த பேட்டில் மவுண்டன் கிளையில் இருந்தார். மூட்டுவலிக்கும் நுரையீரல் நோய்க்கும் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை தரும் இடம் அது. 1935 நவம்பரில் இறந்தார். அந்தச் சட்டம் நீங்கியது 1943-இல். அவரை முதுமையில் ஏற்றுக்கொண்டதும் குடிமகனாக ஏற்க மறுத்ததும் ஒரே அரசாங்கம். உங்கள் கேள்விக்கு "இல்லை" என்று சொன்ன நான், இவர் விஷயத்தில் அதே சொல்லைச் சொல்ல மாட்டேன்.

நான் சொன்னதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டம், தேதி, பேரேட்டின் அமைப்பு எல்லாம் உறுதி. உறவு இல்லாததே இவர்களை இல்லத்துக்குக் கொண்டுவந்த முதல் காரணம் என்பது பேரேட்டைப் பார்த்து நான் வந்த முடிவு. வறுமையைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு, இரண்டும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடப்பவை. பேரேட்டிலும் ஓட்டை உண்டு. வயதும் மண விவரமும் குமாஸ்தாவிடம் வாய்மொழியாகச் சொன்னவை. "மணமாகாதவர்" என்று எழுதியிருக்கும், அவர் இறந்த பிறகு விதவைப் பென்ஷன் கேட்டு ஒரு பெண் வந்து நிற்பார். யோஹான் ஒரு பக்கத்தில் ஜான் ஆகியிருப்பார், குடும்பப் பெயர் கிளைக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து ஒருவரின் கதையை முடித்துவிடக் கூடாது.

நீங்கள் கல்லறையில் போட்டோ எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். கல்லில் கேடயம் செதுக்கிய குழிக்குள் பெயரும், கம்பெனி எழுத்தும், ரெஜிமென்ட் எண்ணும், மாநிலமும் இருக்கும், பிறந்த நாடு இருக்காது. இந்த நான்கையும் குறித்துக்கொண்டு, முன்னோர்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்துக்குப் போங்கள், கணக்கு தொடங்கினால் போதும், காசு வேண்டாம். 1866 முதல் 1938 வரையிலான தேசிய இல்லப் பேரேடுகளின் படங்கள் அங்கே இருக்கின்றன. பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள், ரெஜிமென்ட்டை வைத்து ஆளை உறுதிசெய்யுங்கள். பக்கம் கிடைத்ததும் குடும்ப விவரப் பகுதியின் கடைசி வரிக்குப் போய், அங்கே எத்தனை மை, எத்தனை கையெழுத்து என்று பாருங்கள். எழுத்து புரியாவிட்டால் படத்தை இங்கே போடுங்கள், படித்துச் சொல்கிறேன்.